வான்வழித் தூரமும் பயண நேரமும்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பயண நேரத்தையும் பற்றி அண்மையில் வந்த கடிதங்களை ஒன்றாகத் திரட்டி இந்த இதழில் விடையளிக்கிறேன். தூரம் இரு இடங்களின் அமைவிடத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவது. முறையாகக் கணக்கிட்டால் யாருக்கும் ஒரே விடைதான் வரும். நேரம் அப்படியன்று. விமானத்தின் வகை, மேலடுக்குக் காற்று, எந்த நாட்டு வான்பரப்பு திறந்திருக்கிறது, ஓடுபாதையில் எத்தனை விமானங்கள் காத்திருக்கின்றன என்று பலவும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. வந்திருக்கும் ஐயங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் எழுந்தவை.

கேள்வி: பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் அவற்றுக்கு இடையிலான தூரத்தை மாணவர்களே கணக்கிட வழி உண்டா? – ஓர் ஆசிரியை, திருவாரூர்

பதில்: நிச்சயமாக உண்டு. மூன்று படிகளாகக் கொண்டு சென்றால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

முதல் எடுத்துக்காட்டுக்குச் சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையம் வட அட்சரேகை 12 பாகை 59 கலையில் இருக்கிறது. பலாலியில் உள்ள யாழ்ப்பாண விமான நிலையம் 9 பாகை 48 கலையில் இருக்கிறது. இரண்டின் தீர்க்கரேகையும் கிழக்கு 80 பாகையைச் சற்றே தாண்டி, ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு நேர் தெற்கே இருப்பதாகக் கொள்ளலாம். அட்சரேகை வேறுபாடு 3 பாகை 11 கலை; ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், அதாவது 191 கலை. வடக்கு தெற்காக ஒரு கலை என்பது ஒரு கடல் மைல் என்பதால் விடை 191 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகையால் தூரம் சுமார் 354 கி.மீ. கழித்தலும் பெருக்கலும் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையே இதைச் செய்துவிடலாம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு சென்னையும் கோயம்புத்தூரும். இங்கே தீர்க்கரேகையும் மாறுகிறது. சென்னை 12.99 வடக்கு, 80.17 கிழக்கு, கோவை 11.03 வடக்கு, 77.04 கிழக்கு. அட்சரேகை வேறுபாடான 1.96 பாகையை, ஒரு பாகைக்குரிய கிலோமீட்டர் அளவான 111.2 ஆல் பெருக்கினால் 218 கி.மீ. கிடைக்கிறது. தீர்க்கரேகை வேறுபாடான 3.13 பாகையை அப்படியே பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதால், இரு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் கொசைன் மதிப்பால் முதலில் பெருக்க வேண்டும். 12 பாகையின் கொசைன் 0.978. ஆக 3.06 பாகை, அதாவது 340 கி.மீ. இனி பித்தாகரஸ் தேற்றம் போதும்: இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 404 கி.மீ. சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரங்களுக்கு இந்த முறை நம்பகமானது.

தூரம் பெருகும்போது பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் செய்து பார்ப்போம். சாங்கி விமான நிலையம் 1.36 வடக்கு, 103.99 கிழக்கு, தீர்க்கரேகை வேறுபாடு 23.82 பாகை. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053. அடுத்து இரு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் மதிப்பையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8911. இரண்டையும் கூட்டினால் 0.8964. எந்தக் கோணத்தின் கொசைன் இந்த மதிப்பு என்று பார்த்தால் 26.3 பாகை வரும். அதை 111.2 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,925 கி.மீ. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் இரு ஊர்களும் எவ்வளவு கோணத்தில் விலகித் தெரியுமோ, அதைத்தான் நாம் கண்டுபிடித்திருக்கிறோம். அந்தக் கோணம் வெட்டும் வில்லின் நீளமே பெருவட்டத் தூரம்.

மாணவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. 12 பாகை 59 கலையை 12.59 என்று எழுதிவிடுவது முதலாவது. சரியான தசம மதிப்பு 12.98, இந்த ஒரு பிழையால் மட்டும் ஊர் 44 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். இரண்டாவது, கணினியின் அட்டவணைச் செயலிகள் கோணத்தை ரேடியனில் எதிர்பார்க்கின்றன என்பதை மறந்து பாகையை அப்படியே இடுவது. அப்போது வரும் விடைக்குப் பொருளே இராது.

பூமி சரியான கோளம் இல்லையே என்று சுட்டும் மாணவர் வகுப்பில் இருந்தால் மகிழ்ச்சி கொள்ளுங்கள். நடுவரை ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ.; நாம் பயன்படுத்தும் 111.2 என்ற எண் 6,371 கி.மீ. என்ற சராசரி ஆரத்திலிருந்து வருகிறது. இதனால் நேரும் பிழை மிகுதியாகப் போனால் அரை விழுக்காடுதான். சிங்கப்பூர்ப் பயணத்தில் அது 15 கி.மீ.க்குள், விமானத்துக்கு ஒரு நிமிடப் பறத்தல். இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்லலாம். பூமியின் உருவத்தை இந்தியாவில் துல்லியமாக அளக்கும் பெரும்பணி 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே தொடங்கி அளந்த ஏழரை மைல் நீள அடித்தளக் கோட்டிலிருந்துதான் வளர்ந்தது. இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அந்த மலை நிற்கிறது. கணித வகுப்பில் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு என்றே நான் எண்ணுகிறேன்.

கேள்வி: சென்னை – சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 1,578 என்றும், வேறோரிடத்தில் 1,817 என்றும், இன்னோரிடத்தில் 2,925 என்றும் காணப்படுகிறது. எது சரி? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மூன்றும் ஒன்றே. முதலாவது கடல் மைல், இரண்டாவது நிலத்து மைல், மூன்றாவது கிலோமீட்டர். வானூர்தித் துறையில் தூரத்தைக் கடல் மைலிலும் வேகத்தை ‘நாட்’ (knot) என்ற அலகிலும் குறிப்பது உலக வழக்கு. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். மைல் என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். சில கிலோமீட்டர் வேறுபாடு மட்டும் தென்பட்டால், ஒன்றில் நகரின் மையத்தையும் மற்றொன்றில் விமான நிலையத்தையும் அளவிட்டிருப்பார்கள்.

கேள்வி: விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்கிறார்கள். சென்னையிலிருந்து கோவைக்கு 400 கி.மீ.தான் என்றால் அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா? பயணச்சீட்டில் ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருப்பது ஏன்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 830 கி.மீ. என்பது ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் 35,000 அடி உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது காட்டும் வேகம். அந்த உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,067 கி.மீ.; அதில் 78 விழுக்காட்டு வேகத்தில் இவ்வகை விமானங்கள் செல்கின்றன. கோவைப் பயணத்தில் அந்த உயரத்தையும் வேகத்தையும் எட்டி நிலைபெறுவதற்கே இடம் போதாது.

பயணத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். கதவைச் சாத்தி, இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நொடியிலிருந்து உங்கள் ஒரு மணி பத்து நிமிடம் ஓடத் தொடங்குகிறது. எஞ்சின்களை இயக்கி, இணைபாதைகளில் ஊர்ந்து, ஓடுபாதை முனையில் முறைக்குக் காத்திருந்து எழும்புவதற்குள் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விமானங்கள் மேற்கு நோக்கி எழும்பும் என்பதால் கோவைக்குச் செல்பவர்களுக்கு அது நேர்வழி. சிங்கப்பூருக்குச் செல்பவர்கள் மேற்கே எழும்பிப் பிறகு கிழக்கே திரும்ப வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். எழும்பிய பிறகும் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. என்ற வேக வரம்பு பொதுவாக உண்டு.

இறக்கத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகள் மனக்கணக்காகக் கொள்ளும் விதி. அதன்படி 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், ஏறத்தாழ 195 கி.மீ. தேவைப்படுகிறது. ஏறுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு தூரம் செலவாகும். 404 கி.மீ. பயணத்தில் மிஞ்சுவது என்ன? அதனால்தான் இத்தகைய குறும்பயணங்களில் விமானம் பெரும்பாலும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறது.

புறப்படும் இடத்தில் நகரத் தொடங்கியது முதல் சேருமிடத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கும் வரையிலான இந்த நேரத்தைத் துறையினர் பிளாக் டைம் என்கிறார்கள். பயணச்சீட்டில் அச்சாவது இதுவே. நீங்களே மதிப்பிட விரும்பினால், பெருவட்டத் தூரத்தை 830 ஆல் வகுத்து, அதனுடன் 40 நிமிடத்தைக் கூட்டுங்கள். கோவைக்கு 29 + 40 = 69 நிமிடம். சிங்கப்பூருக்கு 3 மணி 31 நிமிடம் + 40 நிமிடம் = 4 மணி 11 நிமிடம். அகலமான நெடுந்தூர விமானங்களுக்கு 830க்குப் பதில் 905 என்று கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்களுக்கு 500 என்று கொண்டு, அவை தாழ்வாகப் பறப்பதால் அரை மணி கூட்டினால் போதும். விமான நிறுவனங்கள் இந்த மதிப்பீட்டுக்கு மேல் சில நிமிடங்களைத் தாங்களாகவே சேர்த்து அட்டவணை போடுவது உண்டு. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் அது நேரம் தவறாத பயணமாகவே கணக்கில் ஏறும் என்பதையும் இத்துடன் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் டொரன்டோவில் இருக்கிறாள். இலண்டன் வழியாகச் சென்றபோது இருக்கைத் திரையில் விமானம் கிரீன்லாந்துப் பக்கம் வளைந்து செல்வதைப் பார்த்தேன். நேராகப் போகாமல் ஏன் இவ்வளவு வடக்கே சுற்றுகிறார்கள்? இலண்டன் வழியே செல்வதும் சுற்றுவழிதானே? – ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: அம்மா, அவர்கள் சுற்றவில்லை, திரையிலுள்ள தட்டை வரைபடம்தான் அப்படிக் காட்டுகிறது. உருண்டையான பூமியைச் சதுரத் தாளில் விரிக்கும்போது வடபகுதிகள் கிழக்கு மேற்காக மிகவும் இழுபட்டுவிடுகின்றன. 1569ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் வரைந்த முறையும் அதன் வழிவந்த இன்றைய வரைபடங்களும் இத்தகையவை. அவற்றில் நேர்கோடாகத் தெரிவது உண்மையில் நீண்ட வழி; வளைந்து தெரிவதே குறுகிய வழி. வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால், சென்னைக்கும் டொரன்டோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறும்.

கணக்கும் அதையே சொல்கிறது. சென்னைக்கும் டொரன்டோவுக்கும் இடையிலான பெருவட்டத் தூரம் சுமார் 13,390 கி.மீ. சென்னை 13ஆவது அட்சரேகையில் இருக்கிறது. டொரன்டோ 44ஐத் தொடவில்லை. ஆனால் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வழி 73 பாகையையும் தாண்டி ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைகிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கிக் கிளம்பி, மத்திய ஆசியா, யூரல் மலைத்தொடர், ரஷ்யாவின் கோலா தீபகற்பம், நார்வேக்கு வடக்கேயுள்ள கடல், கிரீன்லாந்து என்று சென்று கனடாவுக்குள் இறங்கும் வழி அது. சென்னையிலிருந்து பார்க்கையில் கனடா மேற்கே இருப்பதாக நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம்; அது இருப்பது வடக்கே என்பதுதான் உண்மைக்கு அருகில்.

இலண்டன் வழியைப் பற்றி. சென்னையிலிருந்து ஹீத்ரோ 8,230 கி.மீ., அங்கிருந்து டொரன்டோ 5,710 கி.மீ., கூட்டினால் 13,940 கி.மீ. நேர்வழியைவிட 550 கி.மீ. மட்டுமே கூடுதல். துபாய் வழியாகச் சென்றால் 2,930 கி.மீ.யும் 11,080 கி.மீ.யும் சேர்ந்து 14,010 கி.மீ. வரைபடத்தில் பெரிதும் வேறுபட்டுத் தெரியும் இந்த இரு வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 100 கி.மீ.க்கும் குறைவு. ஆகவே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை மறந்துவிடுங்கள். இடைநிறுத்தத்தில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இடைவழி விசா வேண்டுமா, எந்தப் பகுதிப் பயணம் இரவில் வருகிறது என்பவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி ஊர் தானாகவே வந்து சேர வேண்டாமா? – ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: சென்னையின் அட்சரேகையில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஆனால் தரையோடு காற்று மண்டலமும் நகர்கிறது. தரையில் நிற்கும்போதே விமானத்துக்கும் அந்த வேகம் இருக்கிறது. எழும்பியதும் அது மறைந்துவிடுவதில்லை. ஆகவே சுழற்சி நேரடியாக எந்தத் திசைக்கும் சலுகை தருவதில்லை.

மறைமுகமாகத் தருகிறது. நடுவரைப் பகுதியில் சூடேறி மேலெழுந்து துருவத்தை நோக்கிச் செல்லும் காற்றைச் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுவதால், நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காக, ஜெட் காற்றோட்டங்கள் எனப்படும் விரைந்த மேலடுக்குக் காற்றுகள் வீசுகின்றன. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையைச் சார்ந்த அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆயினும் அது ஒலியை விஞ்சவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது, அந்தக் காற்றே விரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

நம் ஊருக்கு உரிய விதிவிலக்கு ஒன்று இருக்கிறது; பாடநூல்கள் இதற்கு இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும் என்பது என் விருப்பம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதை விளக்கி எழுதினார். இதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, 14 கி.மீ.க்கு அப்பால் இருந்தாலும், கீழே விமான உயரத்திலும் கீழைக்காற்று உணரப்படுகிறது. எனவே ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போவோருக்கு எதிர்க்காற்று, அங்கிருந்து திரும்புவோருக்குப் பின்காற்று.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றின் வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 830 என்பது 750 ஆகிறது; 2,925 கி.மீ.யைக் கடக்க 3 மணி 54 நிமிடம். வரும்போது 910, 3 மணி 13 நிமிடம். காற்றில்லாத நாளில் 3 மணி 31 நிமிடம். போகையில் 23 நிமிடத்தை இழக்கிறோம், வருகையில் 18 நிமிடம்தான் திரும்பக் கிடைக்கிறது. எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் இருந்தாக வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். போக்குவரத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்று எப்போதும் நட்டத்தையே தரும்.

கேள்வி: குறுகிய வழியில் செல்லும் விமானம்தானே முதலில் சேரும்? நீண்ட வழியில் சென்று விரைவில் சேர்ந்தது என்று ஒரு செய்தியில் படித்தேன். அது எப்படி? – ஒரு வாசகர், சேலம்

பதில்: தாங்கள் படித்தது 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி – சான் பிரான்சிஸ்கோ வழியை மாற்றியதைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். அவ்விரு நகரங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் 12,380 கி.மீ. அதுவரை அட்லாண்டிக் வழியாக ஏறக்குறைய 13,900 கி.மீ. பறந்து கொண்டிருந்தவர்கள், பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறந்து பதினான்கரை மணி நேரத்தில் சேர்ந்தார்கள். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ.; விமானத்தின் சொந்த வேகத்தோடு மணிக்கு 140 கி.மீ.க்கு மேல் காற்று சேர்ந்து தள்ளியிருக்கிறது. மேற்கே சென்றிருந்தால் அதே காற்றை எதிர்த்திருக்க வேண்டும். கூடுதல் தூரம், குறைந்த நேரம், குறைந்த எரிபொருள் மூன்றும் ஒன்றாக வாய்த்த வழி அது.

காற்று கொடுப்பதை அரசியல் பறித்துக்கொள்வதும் உண்டு. 2022இல் ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பின், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் சென்ற ஃபின்ஏர் விமானங்களுக்குச் சுமார் 13 மணி நேரம் ஆகிறது. இரு நகரங்களுக்கு இடையிலான தூரம் அன்றும் இன்றும் 7,800 கி.மீ.தான். 2019இல் பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரையிலும், மீண்டும் 2025 ஏப்ரல் 24 முதலும், பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் பயணங்கள் இவ்வாறே நீண்டன. பழைய பயணக் குறிப்பில் கண்ட நேரத்தை நம்பி இன்றைய இணைப்பு விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிடக் கூடாது. தூரம் அப்படியே இருக்கும். நேரத்தை மட்டும் அவ்வப்போது அன்றைய அட்டவணையில் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறோம். விமானத் தாமதத்துக்கான இழப்பீடு தூரத்தைப் பொறுத்தது என்கிறார்களே, எந்தத் தூரம்? உண்மையில் பறந்த தூரமா? – ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: இல்லை, பெருவட்டத் தூரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி இதை வெளிப்படையாகவே கூறுகிறது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் 1,500க்கு மேற்பட்ட பயணங்களுக்கும், மற்றவற்றில் 1,500 முதல் 3,500 கி.மீ. வரையிலான பயணங்களுக்கும் 400 யூரோ. அதற்கும் மேல் 600 யூரோ. பாரிஸ் – சென்னை சுமார் 8,020 கி.மீ. ஆகையால் தங்கள் பயணம் மூன்றாவது வகுப்பில் வரும். சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்திருக்க வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட தாமதமாயின் இந்த வகுப்பில் தொகையைப் பாதியாகக் குறைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. புயல் போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. பாரிஸிலிருந்து புறப்படும்போது எந்த நாட்டு நிறுவனமானாலும் விதி பொருந்தும்; சென்னையிலிருந்து பாரிஸ் திரும்பும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

இடையில் விமானம் மாறினால் என்ன செய்வது? 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு விடை தந்தது. ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்றவர்களின் வழக்கு அது. பறந்த இரு பகுதிகளையும் கூட்டினால் 1,656 கி.மீ.; ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேராக அளந்தால் 1,326 கி.மீ. முதல் புறப்பாட்டிடத்துக்கும் இறுதிச் சேருமிடத்துக்கும் இடையிலான நேர் தூரமே செல்லும் என்று தீர்ப்பானதால், 400 யூரோ 250 ஆகிவிட்டது. கோணக் கணக்கு ஒன்று பணக் கணக்காக மாறிய இடம் இது.

இந்தியாவில் அளவுகோலே வேறு. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளில், உரிய காலத்துக்குள் அறிவிக்காமல் பயணத்தை ரத்து செய்தால் தர வேண்டிய தொகை தூரத்தைச் சார்ந்ததன்று, பிளாக் டைமைச் சார்ந்தது. ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது. அட்டவணையில் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று போடப்பட்ட பயணமும் ஒரு மணி என்று போடப்பட்ட பயணமும் வெவ்வேறு வகுப்பில் விழுகின்றன. விமான நிறுவனமே எழுதும் ஓர் எண்ணின் மீது பயணியின் உரிமையை நிறுத்துவதைவிட, யாராலும் மாற்ற முடியாத பெருவட்டத் தூரத்தின் மீது நிறுத்துவதே நேர்மையான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: மகன் இலண்டனிலிருந்து வருகிறான். புறப்பாடு பகல் 1.20, வருகை மறுநாள் அதிகாலை 4.00 என்று சீட்டில் இருக்கிறது. பயணம் பதினான்கு மணி நாற்பது நிமிடமா? காரைக்குடியிலிருந்து வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். – ஒரு தந்தை, காரைக்குடி

பதில்: சீட்டில் உள்ள இரு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள், ஐயா. கழிப்பதற்கு முன் இரண்டையும் பொது நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. இலண்டன் நேரம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி முந்தியும், மற்ற மாதங்களில் சமமாகவும் இருக்கும். கோடையில் பகல் 1.20 என்பது பொது நேரம் 12.20, சென்னையில் அதிகாலை 4.00 என்பது முதல் நாள் இரவு 10.30. வேறுபாடு 10 மணி 10 நிமிடம். அதுவே பயண நேரம். அவர் நவம்பரில் அதே 1.20க்குக் கிளம்பினால், அதே பயண நேரத்துக்குச் சென்னையில் காலை 5.00 ஆகிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து வருபவர்களையும் இந்தக் குழப்பம் எதிர்த்திசையில் பிடிக்கும். அங்கே இரவு 8.00 மணிக்குக் கிளம்பிய விமானம் சென்னையில் இரவு 9.40க்கு இறங்கும், ஒரு மணி நாற்பது நிமிடப் பயணம் போலத் தோன்றினாலும், இடையிலுள்ள இரண்டரை மணி வேறுபாட்டைச் சேர்த்தால் 4 மணி 10 நிமிடம்.

வண்டிக்கு, சீட்டில் உள்ள 4.00 என்பது விமானம் நிற்கும் நேரம் என்று கொள்ளுங்கள். அதன் பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருத்தல், சுங்கம் ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். ஓட்டுநரை ஐந்து மணிக்கு வாயிலுக்கு வரச் சொல்லுங்கள். காரைக்குடியிலிருந்து அவர் கிளம்புவதற்கு முன்பாக, இலண்டனில் விமானம் உண்மையில் எத்தனை மணிக்கு எழும்பியது என்பதை மட்டும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.